வாய்க்கொழுப்பு அவர்களுக்கு

கணினிக் குற்ற ஒழிப்புப் பிரிவு போன வருடம் வரை அடிதடிக் குற்ற ஒழிப்புப் பிரிவாக இருந்தது. காலம் மாறிவிட்டது என்று மேலிடத்துக்கு யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மேலிடம் திடுக்கிட்டு எழுந்து, பெயர்ப்பலகையில் ‘அடிதடி’ என்ற சொல்லைச் சுரண்டிவிட்டுக் ‘கணினி’ என்று எழுத உத்தரவு போட்டது. சுரண்டியவர் அரைகுறையாகச் சுரண்டியதால், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் இரண்டு சொற்களும் சேர்ந்தே தெரியும். மற்றபடி உள்ளே எதையும் தொடவில்லை. ஆட்கள் அதே ஆட்கள். தடிகள் அதே தடிகள். ‘காயம் இன்றிப் புகார் இல்லை’ என்று வாசலுக்கு நேரே மாட்டியிருந்த அறிவிப்பை மட்டும் தூசி தட்டிப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டடத்துக்குள் பல்செட்காரர் ஒரு காலை வேளையில் முழு வாய்ப் பற்களோடு நுழைந்தார்.

அவர் தொழில் பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவு ஊற்றி வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் தளம் கட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் மேசையிலிருந்து போனதுதான். எந்த வாய்க்கு என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் மெயிலில் வரும். வினையும் அதே மெயிலில்தான் வந்தது.

முந்தின நாள் வந்த மெயில் அது. ‘அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு, தங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடிக்கப்படும். தப்பிக்க விரும்பினால் கீழே அழுத்தவும்.’ பயந்த சுபாவம். அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தார். அதோடு கணக்கு கைமாறிவிட்டது. கைப்பற்றிய திருடன் சோம்பேறி. புதிதாக ஒரு வரி எழுத மனம் வராமல், அதே மெயிலைப் பல்செட்காரர் பெயரில், அவர் சேமித்து வைத்திருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டான். ஒரே ஒரு மாற்றம். ‘வாடிக்கையாளர்’ என்று இருந்த இடத்தில், அவரவர் பெயரைப் பல்செட்காரர் எப்படிச் சேமித்திருந்தாரோ அப்படியே இயந்திரம் எடுத்துப் போட்டுக்கொண்டது.

பல்செட்காரருக்கு யார் பெயரும் மனதில் நிற்காது, வாய்தான் நிற்கும். ஆகவே ‘கீழ்செட் வக்கீல்’, ‘சொத்தைப்பல் டாக்டர்’, ‘எத்துப்பல் சித்தி’ என்றுதான் சேமித்திருந்தார். சித்தி அழுதார். வக்கீல் தன் செட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டதாகத் தகவல் அனுப்பினார். டாக்டர் இனி அச்சு அனுப்புவதாக இல்லை. இவர்களெல்லாம் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திக்கொள்ளாதவர் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே கல் உடைக்கும் ஆலை வைத்திருக்கிறார். லாரியில் சரக்கு குறைகிறது என்று சொன்ன ஒரு டிரைவரின் தாடையை, பேச்சு முடிவதற்குள் இடம் மாற்றி வைத்தவர். அந்தத் தாடைக்கும் செட் கட்டியது நம் பல்செட்காரர்தான். மச்சானுக்கு மேலும் கீழுமாக முழுச் செட் கட்டிக்கொடுத்தவரும் அவரே. போட்டுக்கொண்ட நாள் முதலாக மச்சான், நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம், “சொந்தக்காரன் கட்டுன செட்டு, சொந்தக்காரன் மாதிரியே கடிக்குது” என்று சொல்லி, அந்தச் செட்டாலேயே சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் பல்செட்காரர் அவர் பெயரை மாற்றிச் சேமித்தார். ஆகவே மச்சானுக்குப் போன மெயில் இப்படி இருந்தது:

‘அன்புள்ள வாய்க்கொழுப்பு அவர்களுக்கு, தங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடிக்கப்படும். தப்பிக்க விரும்பினால் கீழே அழுத்தவும்.’

மச்சான் அழுத்தவில்லை. போன் செய்தார்.

“மாப்ளே, என் கணக்கை முடிக்க உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? நாளைக்கு வேலையை முடிச்சுட்டு நானே வர்றேன். சுத்தியலோட வர்றேன். யாரு கணக்கு யாரு கையில முடியுதுன்னு பார்த்துடுவோம்.”

மனைவி அன்று முழுக்க அண்ணனுக்கு விளக்கிப் பார்த்தாள். கடைசியில் கணவனிடம் வந்து உட்கார்ந்து, தீர்ப்பு மாதிரிச் சொன்னாள்: “ஏங்க, எங்கண்ணன் வாய்ப்பேச்சை நம்ப மாட்டான். சீல் குத்தின பேப்பர்னா வாயை மூடிக்குவான். அது நீங்க எழுதுனது இல்லைன்னு போலீஸ்ல ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்துடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

மிச்சம் என்று அவள் சொன்னது எதை என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பேப்பருக்காகத்தான் வந்திருந்தார். சாயங்காலத்துக்குள் கிடைத்தால் தாடை தப்பும்.

“காயம் எங்கே?” என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

காயம் எதுவும் இல்லை, மெயிலை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று பல்செட்காரர் சொன்னார். உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று எழுத்தர் கேட்டார். துண்டெல்லாம் இல்லை, மெயில் முழுசாகத்தான் இருக்கிறது, வேறொருவன் கையில் இருக்கிறது என்றார் இவர். முழுசாக இருக்கும் பொருளை உடைந்ததாக எழுதினால் நாளைக்கு மேலிடம் கேள்வி கேட்காதா என்று எழுத்தர் கவலைப்பட்டார். நிஜமாகவே கவலைப்பட்டார். பிறகு, மனிதாபிமானம் உள்ளவராகையால், குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். வெளியே போய் எங்கேயாவது விழுந்து லேசாகத் தோல் உரிந்து வந்தால் போதும், ‘மெயில் உடைப்பின்போது ஏற்பட்ட சிராய்ப்பு’ என்று ஆரம்பித்துவிடலாம். புகார்தாரர்களின் வசதிக்காக வாசலில் ஒரு படிக்கட்டைச் செப்பனிடாமல் விட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் அதில்தான் விழுகிறார்கள்.

பல்செட்காரர் போய் விழுந்தார். முதல் தடவை தயக்கத்தோடு விழுந்ததால் எதுவும் ஆகவில்லை. இரண்டாம் தடவை முழங்கை உரிந்து, முகவாயிலும் கீறல் விழுந்தது. எழுத்தர் இரண்டையும் பார்த்து மனம் நிறைந்து அவரை அதிகாரியிடம் அனுப்பினார்.

போகிற வழியில் ஒரு அறை. கைப்பற்றப்பட்ட கணினிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முகம் உள்ளே போயிருந்தது. சிலவற்றுக்கு விசைகள் உதிர்ந்து, ஈறு மட்டும் தெரிவது போலப் பலகை பல்லிளித்தது. ‘விசாரணையின்போது செயலிழந்தவை’ என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. நடுவே நாற்காலியில் நெட் கடைக்காரரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஊரில் கணினி தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான் என்பது பிரிவின் முடிவு. ஆகவே யாருடைய மெயில் எங்கே காணாமல் போனாலும் முதலில் இவரை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர் எதிரே, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு பனியன் துண்டால் விரல் முட்டிகளைத் துடைத்தபடி நின்றவர் பெயர் எண்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. எந்த விசாரணையும் இவர் கை பட்டால்தான் அடுத்த வரிக்குப் போகும் என்பதால் வந்த பெயர்.

நெட் கடைக்காரர் வீங்கிய கண்ணைக் கொஞ்சம் திறந்து பல்செட்காரரை அடையாளம் கண்டுகொண்டார். “அண்ணே, போன தடவை கட்டுன கீழ்செட்டும் போச்சு. அச்சு பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?”

இருக்கிறது என்று பல்செட்காரர் தலையை ஆட்டினார். எண்டர் மரியாதையோடு காத்திருந்து, பேச்சு முடிந்ததும் அடித்தார்.

அதிகாரி சிரித்த முகம். பிரிவுக்கு வருமுன் அவருக்குக் கணினியைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். “எல்லாரும் பயமுறுத்தினாங்க, கம்ப்யூட்டர் வேற உலகம்னு. திறந்து பார்த்தேன். மனுஷன் மாதிரியேதான் இருக்கு. மொதல்ல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லும். ரெண்டு போட்டா சத்தம் வரும். இன்னும் ரெண்டு போட்டா புகை வரும். புகை வந்துட்டா கேஸ் முடிஞ்சுது. எங்க பிரிவுல முடியாத கேஸே கிடையாது.”

பல்செட்காரர் தனக்கு வேண்டியது ஒரே ஒரு பேப்பர் என்றும், சாயங்காலத்துக்குள் அது கிடைக்காவிட்டால் மச்சான் தன் தாடையைக் கழற்றிவிடுவார் என்றும் கெஞ்சினார். கழற்றிய பிறகு வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார் அதிகாரி. இருந்தாலும் பரவாயில்லை என்று எழுத்தரைக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்ததற்கான ஒப்புதல் புகார்தாரரின் மெயிலுக்குப் போகும். அவர் அதில் சம்மதம் சொன்னதும் பேப்பர் தயார்.

அந்த மெயில்தானே ஐயா திருடன் கையில் இருக்கிறது என்றார் பல்செட்காரர்.

முறை என்றால் முறைதான் என்றார் அதிகாரி. ஆளுக்கு ஆள் முறையை மாற்றினால் பிரிவு எதற்கு?

ஒப்புதல் போயிற்று. அதிகாரி டீயை முடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. திருடன் சோம்பேறிதான். ஆனால் எதிரே இருப்பவர் அழுத்தக்கூடிய ஆள் என்று தெரிந்தால் சுறுசுறுப்பாகிவிடுவான். ‘மாண்புமிகு ஐயா, தங்கள் மின்னல் வேக நடவடிக்கை கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தேன். என் குறை தீர்ந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன். உறுதிசெய்யக் கீழே அழுத்தித் தங்கள் பிரிவின் பாஸ்வேர்டைத் தந்து உதவவும்.’

அதிகாரி அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். இத்தனை வருட வேலையில் அவரைப் பார்த்து யாருக்கும் நெஞ்சம் நெகிழ்ந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுத்தினார். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்லியபடியே அடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தால் பல்செட்காரர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“புகார் குடுத்தவர் திருப்தியா போயிட்டாரு,” என்றார். “நீங்க யாரு?”

“நான்தான் ஐயா அவரு.”

“பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கோ அவர்தான் அவரு. நீங்கதான் அவருன்னா பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

பழைய பாஸ்வேர்டைச் சொன்னார். எழுத்தர் அடித்துப் பார்த்தார். தவறு என்றது கணினி. திருடன் மாற்றியிருப்பான் என்று இவர் சொன்னதை அதிகாரி கைதேர்ந்த காதோடு கேட்டுக்கொண்டார். ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். வழியில் பார்த்த அறையில் மயங்கிக் கிடந்த நெட் கடைக்காரரை அவிழ்த்து ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு, அந்த நாற்காலியை, சூடு ஆறுவதற்குள், பல்செட்காரருக்குக் கொடுத்தார்கள்.

விசாரணை ஒழுங்காக நடந்தது. பல்செட்காரர் ஒரு சொல் சொல்வார். எழுத்தர் அதைத் தட்டுவார். ‘தவறு’ என்று கணினி சொல்லும். எண்டர் அடிப்பார். மனைவியின் பெயரைச் சொன்னார்: விலாவில் விழுந்தது. வீட்டு எண்ணைச் சொன்னார்: தொடையில் தடி இறங்கியது. செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொன்னபோது நாற்காலியோடு கவிழ்ந்தார். தூக்கி நிறுத்தி, அப்பா பெயரை இரண்டு விதமாக எழுதலாமே என்று எழுத்தர் எடுத்துக்கொடுத்தார். இரண்டு விதமும் தவறு. இரண்டு விதத்துக்கும் அடி விழுந்தது. கடைசியில் சொல்ல வேறு எதுவும் கிடைக்காமல் “கொல்றாங்களே” என்றார். எழுத்தர் அதையும் தட்டிப் பார்த்தார். அதற்கு விழுந்த குத்தில் மேல்வரிசை முன்பல் ஒன்று உடைந்து, பாதி நாக்குக்கும் பாதி தரைக்கும் போயிற்று. தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அவ்வளவு வலியிலும் அவருக்கு நிறம் ஞாபகம் வந்தது. அதே நிறத்தில் பல் இப்போது கிடைப்பதில்லை.

அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தார். வீட்டில் தேடி, தங்கை சொன்ன இடத்துக்கு வந்திருந்தார். கையில் ஆலையின் சுத்தியல். வாசல் காவலர் அதைப் பிரிவுக்கு வரவேண்டிய புதுக் கருவி என்று நினைத்து, இத்தனை நாளாக எங்கே இருந்தீர்கள் என்று கோபித்துக்கொண்டு உள்ளே அனுப்பியிருந்தார்.

“நிறுத்துங்க,” என்றார் மச்சான். “அந்த வாய் என் பங்கு.”

அதிகாரி நியாயவாதி. யாருடைய எல்லையிலும் தலையிடாதவர். குடும்ப உரிமை என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு, கழுத்துக்கு மேலே மச்சானுக்கு, கீழே பிரிவுக்கு என்று பேசி முடித்தார். எண்டருக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்பல்லில் தன் உழைப்பு ஏற்கெனவே போயிருக்கிறதே என்றார். அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று மச்சான் பெருந்தன்மையாகச் சொன்னார்.

பல்செட்காரர் வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். “மச்சான், சத்தியமா அந்த மெயிலை நான் அனுப்பலை. திருடன் அனுப்பினான்.”

மச்சான் குனிந்து, அவர் முகவாயை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “எவனோ திருடன் அனுப்பினான். சரி, நம்பறேன். வாய்க்கொழுப்புன்னு பேரு வெச்சது எவன்?”

உலகத்தில் எந்தப் பிரிவும் எந்தச் சீலும் குத்தி இதற்குப் பேப்பர் தர முடியாது என்று பல்செட்காரருக்குத் தெரிந்துபோனது. மச்சான் சுத்தியலைப் பின்னால் கொண்டுபோனார்.

அந்த நேரத்தில் அறையில் இருந்த எல்லா போன்களும் ஒன்றாகக் கூவின.

பிரிவின் மெயிலிலிருந்து, அதிகாரியின் பெயரில், அவர் சேமித்து வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு மெயில் வந்திருந்தது. எழுத்தர் எடுத்துப் பார்த்தார். ‘அன்புள்ள அரைவேக்காடு அவர்களுக்கு, தங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடிக்கப்படும்.’ அவர் முகம் சுருங்கியது. எண்டருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ‘கழு’ வரைக்கும் சுலபமாக வந்தது. ‘தை’க்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூலையில் கிடந்த நெட் கடைக்காரர் தன் போனைத் திருப்பி, ‘அன்புள்ள வழக்கமான கேஸ் அவர்களுக்கு’ என்று இருந்ததைப் படித்து, மறுபடி மயங்கினார்.

மாடியில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. படிகளில் மேலதிகாரி இறங்கி வந்தார். முதலில் வயிறு வந்தது. பிறகு அவர் வந்தார். கையில் போன்.

“தொந்தி அவர்களுக்கு,” என்று படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை.

அதிகாரியின் சிரித்த முகம் இப்போதும் சிரித்த மாதிரியேதான் இருந்தது. அதை மாற்றும் பழக்கம் அதற்கு இல்லை. “ஐயா, பிரிவோட மெயிலை யாரோ உடைச்சுட்டாங்க.”

“காயம் எங்கே?” என்றார் மேலதிகாரி.

அதிகாரி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். டீ சிந்திய இடத்தைத் தவிர எங்கும் எதுவும் இல்லை. மேலதிகாரி வாசலுக்கு நேரே இருந்த அறிவிப்பைப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். புதுக் கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தது.

“திருடன் அனுப்பினது ஐயா.”

“அது தெரியுது. தொந்தின்னு வெச்சது யாரு?” பிறகு, பொத்தானைத் தொடுகிற மாதிரி, மெதுவாக, “எண்டர்” என்றார்.

எண்டர் இதுவரை வேலையில் சொந்த விருப்பு வெறுப்பு காட்டியதில்லை. அன்று காட்டினார். முதல் குத்திலேயே அதிகாரியின் மேல்வரிசை முன்பற்கள் வேரோடு வந்தன. இரண்டாவதில் தலை சுவரில் மோதி, செத்துக்கிடந்த கணினிகள் வரிசையாகச் சரிந்தன. மூக்கு ஒரு பக்கமாகப் போனது. எழுத்தர் தன் பங்குக்கு அந்த ஒப்புதல் கணினியைத் தூக்கி வந்து அதிகாரியின் முழங்கால் மேல் போட்டார். புகை வரவில்லை. புகை வரும்வரை நிறுத்த வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னார். அதிகாரி ஒவ்வொரு அடிக்கும் “காயம், காயம்” என்று காட்டிக்கொண்டே இருந்தார். எழுத யாருக்கும் கை ஒழியவில்லை.

மச்சான் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழுவதையும் நின்று பார்த்தார். வழக்கமான கேஸ், கழுதை, அரைவேக்காடு, தொந்தி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் தன்னுடையதைச் சொல்லிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

“இந்த ஆளைப் பார்த்தா நீ மரியாதைக்காரன்டா மாப்ளே,” என்றார். “வாயோட நிறுத்திக்கிட்டே.”

கட்டை அவிழ்த்துவிட்டு, எழுப்பி நிற்க வைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, ஒரே ஒரு அறை விட்டார். முறைக்காக விட்டது. ஏற்கெனவே உடைந்திருந்த பல்லுக்குப் பக்கத்துப் பல் ஆடிப்போனது. பிறகு தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கையிடம் ஒப்படைத்தார். பேப்பர் எங்கே என்று அவள் கேட்டாள். வேண்டாம், மாப்பிள்ளையே முழுசாக வந்திருக்கிறார் என்றார் மச்சான்.

அதிகாரியும் பிற்பாடு புகார் கொடுத்தார். காயத்துக்குப் பஞ்சமில்லை. ஒப்புதல், முறைப்படி, அவருடைய பிரிவு மெயிலுக்கே போனது. நெஞ்சம் நெகிழ்ந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாக அங்கிருந்து உடனே பதில் வந்துவிட்டது. இப்போது பிரிவை அந்தத் திருடன்தான் நடத்துகிறான். எழுதிக் கேட்பவர்களுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் வருகிறது. மாண்புமிகு என்று ஆரம்பிக்கிறது. சிறந்த அதிகாரி என்று மேலிடம் பாராட்டு அனுப்பியிருக்கிறது. வாசலில் நின்று நான்தான் அவர் என்று சொல்லும் மனிதரை, பாஸ்வேர்டு தெரியாததால், காவலர் உள்ளே விடுவதில்லை.

ஆகவே அவர் பல்செட்காரரிடம் வந்தார். டாக்டர் அச்சு அனுப்புவதை நிறுத்திய பிறகு பல்செட்காரர் தானே அச்சு எடுக்க ஆரம்பித்திருந்தார். எடுக்கிற வேலை அதிகமாகிவிட்டதால் தன் உடைந்த பல்லைக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. பேசும்போது காற்று வந்தது. மச்சானின் பெயரை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ‘அன்பு மச்சான்’ என்று மாற்ற வைத்திருந்தாள்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, தானே உண்மையான அதிகாரி என்று சாட்சி சொல்ல ஊரில் ஒருவர் கூட இல்லையா என்று புலம்பினார். பல்செட்காரர் கிண்ணத்தில் அச்சுப் பசையைக் குழைத்து, தட்டில் நிரப்பி, திறந்த வாய்க்குள் வைத்து அழுத்தினார். செட் தயாரானதும் சொல்லி அனுப்ப வேண்டுமே என்று போனை எடுத்தார். எண்ணை ஏற்றினார். எந்தப் பெயரில் சேமிப்பது என்று போன் கேட்டது.

“பேரு என்னன்னு போடட்டும் ஐயா?”

அதிகாரியின் கண்கள் விரிந்தன. பசைக்கு அடியிலிருந்து, ‘அதி’ என்று தொடங்குகிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“பேசாதீங்க, அச்சு கெட்டுடும்,” என்று சொல்லிவிட்டு, பல்செட்காரர் ‘பொக்கை’ என்று தட்டி எண்டரை அழுத்தினார்.